மூன்று 'த'வும் ஒரு 'லி'யும்

ஈரத் தரையில் நிறுத்திவைக்கும் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை சீனாவில் எங்கும் உண்டு. விமான நிலையம், உணவகம், மருத்துவமனை, பேரங்காடி என எங்கே போனாலும் அதே நான்கு எழுத்துகள்: ஷியாவ், ஷின், தி, ஹுவா. முதல் இரண்டும் சேர்ந்தால் 'கவனம்'. 'தி' என்றால் தரை. 'ஹுவா' என்றால் வழுக்குதல். கவனம், தரை வழுக்கும் என்பதுதான் செய்தி. ஆனால் அதே பலகையின் அடியில் பல ஊர்களில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது 'ஸ்லிப் கேர்ஃபுல்லி'. அதாவது, பார்த்துப் பத்திரமாக வழுக்கி விழவும்.

உலகம் முழுக்கச் சுற்றிவந்த நகைச்சுவை இது. ஆனால் மொழிபெயர்த்தவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அந்த மூன்றாவது எழுத்துக்கு இரண்டு உச்சரிப்பு, இரண்டு வேலை. 'தி' என்று அழுத்திப் படித்தால் தரை, நிலம். 'த' என்று தேய்த்துப் படித்தால், முன்னால் இருக்கும் சொல்லை வினைக்கு அடையாக்கும் ஒட்டு. ஏறக்குறைய நம் 'ஆக'. சீனத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் கிடையாது. ஆகவே நான்கு எழுத்தை 'கவனம் – தரை வழுக்கும்' என்றும் வெட்டலாம், 'கவனமாக – வழுக்கு' என்றும் வெட்டலாம். அகராதியையோ தொடக்க கால மொழிபெயர்ப்பு மென்பொருளையோ நம்பியவர்கள் இரண்டாவது விதமாக வெட்டினார்கள்.

2008 ஒலிம்பிக்கை முன்னிட்டு பெய்ஜிங் நகரம் தன் ஆங்கிலப் பலகைகளைத் திருத்தப் பெரிய இயக்கமே நடத்தியது. 2017 டிசம்பரில் பொது இடங்களின் ஆங்கிலத்துக்கென ஒரு தேசியத் தரநிலையும் நடைமுறைக்கு வந்தது. பலகைகள் திருந்திவிட்டன, பெரிய நகரங்களிலாவது. அதே எழுத்து வகுப்பறையில் செய்துகொண்டிருக்கும் வேலைதான் இன்னும் சுவாரசியமானது.

சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் பெயரடையையும் வினையடையையும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு கைவசச் சமன்பாடு இருக்கிறது. தாய்மொழியில் எங்கே இந்த 'த' வருமோ, அங்கே ஆங்கிலத்தில் 'லி' போடு. 'க்விக்' வேகமான, 'க்விக்லி' வேகமாக. சுருக்கம், தெளிவு, பத்துக்கு எட்டு முறை சரியாகவும் வரும். மீதி இரண்டு முறைதான் சிக்கல். அந்தச் சிக்கலின் வேர் ஆங்கிலத்தில் பாதி, சீனத்தில் பாதி.

முதலில் சீனத்துப் பாதி. பேச்சில் 'த' ஒன்றுதான்; எழுத்தில் மூன்று. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் அடைக்கு ஒன்று, வினைக்கு முன்னால் வரும் அடைக்கு ஒன்று, வினைக்குப் பின்னால் 'எப்படி, எந்த அளவுக்கு' என்று சொல்ல மூன்றாவது. மூன்றும் ஒரே ஒலி என்பதால் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எழுத்தின் உறுப்புகளைப் பிரித்துப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். முதலாவது, 'வெள்ளை–கரண்டி' த. அதன் இடப்பாதி 'வெள்ளை' என்ற எழுத்து, வலப்பாதி 'கரண்டி'. இரண்டாவது, மண்ணைக் குறிக்கும் உறுப்பு இடப்பக்கம் உள்ள 'மண்' த. தரை என்று படிக்கப்படுவதும் இதுவே. மூன்றாவது, 'இரட்டை ஆள்' த. நம் பள்ளிகளில் 'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன' என்று சொல்லிக்கொடுப்பதைப் போலத்தான்.

ஒரு சீனப் பத்தியில் நூறு எழுத்து எண்ணினால் ஏறக்குறைய நான்கு 'வெள்ளை–கரண்டி' த இருக்கும். அந்த மொழியிலேயே அதிகம் புழங்கும் எழுத்து அதுதான். கைபேசியில் இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டினால் மூன்று 'த'வும் வரிசையாக வந்து நிற்கும். அவசரத்தில் கைக்கு முதலில் கிடைப்பதைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியில் யாரும் கவலைப்படுவதில்லை. பள்ளிக் கட்டுரையில் மட்டும் சிவப்பு மை பாயும்.

இந்த மூன்று வேலைப் பிரிவினை எப்போதிலிருந்து? பேச்சுவழக்கில் எழுதப்பட்ட பழைய நூல்களிலேயே 'மண்' த வினையடை ஒட்டாக வருவதுண்டு. ஆனால் இதற்கு இது, அதற்கு அது என்று கறாராக வரி போட்டுப் பிரித்தது இருபதாம் நூற்றாண்டு. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவை ஐரோப்பிய மொழிகள்.

பாரிசில் படித்துத் திரும்பிய மா ஜியான்ஜோங் 1898இல் வெளியிட்ட 'மாஷி வென்தோங்' நூலோடுதான் சீனர் ஒருவர் தம் மொழிக்கு முறைப்படி எழுதிய இலக்கணம் தொடங்குகிறது. லத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்த்தது அது. பெயரடையும் வினையடையும் தனித்தனி வகுப்பாக அதில் இடம்பெற்றன. அடுத்த இருபது ஆண்டுகளில் செவ்வியல் சீனம் பின்னுக்குப் போய்ப் பேச்சுமொழி எழுத்துமொழியானது. 1919இன் மே நான்கு இயக்கத்தைத் தொடர்ந்து மொழிபெயர்ப்புகள் வெள்ளமாக வந்தன. ஐரோப்பிய வாக்கியத்தில் பெயரடை எது, வினையடை எது, உடைமை எது என்பது சொல்லின் வால்பகுதியிலேயே தெரிகிறது. சீனத்தில் தெரிவதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வாலை எழுத்தில் வரைந்துகாட்ட முனைந்தார்கள்.

எழுத்தாளர் லூ ஷுன் இதில் ஒரு படி மேலே போனவர். ஜப்பானிய விமர்சகர் குரியாகாவா ஹகுசோனின் நூலொன்றை 1924இல் அவர் மொழிபெயர்த்தபோது, ஏற்கெனவே இருந்த 'த'க்கள் போதாமல் நான்காவதாக இன்னோர் எழுத்தையும் கையாண்டார். ஆங்கிலத்தில் 'டிவ்', 'டிக்' என்று முடியும் பெயரடைகளுக்கு அதை வைத்துக்கொண்டதாக முன்னுரையில் விளக்கமும் தந்தார். அந்த எழுத்து நிலைக்கவில்லை. மற்ற மூன்றும் பாடநூலில் குடியேறிவிட்டன. இப்படி ஐரோப்பியச் சாயல் ஏறிய தொடரமைப்புகளைப் பற்றி மொழியியலாளர் வாங் லீ 1940களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகும் சச்சரவு ஓயவில்லை. ஜூ தஷி 1961இல் எழுதிய, 'த'வைப் பற்றி மட்டுமேயான ஓர் ஆய்வுக் கட்டுரை சீன மொழியியலில் பெரிய விவாதத்தைக் கிளப்பிவிட்டது. 1984இல் வந்த இடைநிலைப் பள்ளி இலக்கணத் திட்டமோ, பெயருக்கு முன் வருவதையும் வினைக்கு முன் வருவதையும் ஒரே எழுத்தால் எழுதினால் போதும் என்று கதவைத் திறந்துவிட்டது. ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் அந்தக் கதவு வழியே போக மறுத்துவிட்டார்கள். மூன்றும் இன்றுவரை மூன்றாகவே பாடத்தில் இருக்கின்றன.

இப்போது அந்தச் சமன்பாட்டை மறுபடி பார்க்கலாம். 'த' வந்தால் 'லி' போடு என்று ஆசிரியர் சொல்லும்போது, சீனப் பிள்ளைக்குத் தாய்மொழியின் இயல்பிலிருந்து ஓர் ஊன்றுகோல் கிடைப்பதாகத் தோன்றுகிறது. அந்த ஊன்றுகோலோ ஐரோப்பிய மொழிகளைப் பார்த்துச் செதுக்கியது. ஆங்கிலத்தின் நிழலைக் காட்டி ஆங்கிலத்தை விளக்குகிறார்கள்.

சீனத்தின் சொந்த இயல்பு வேறு. அங்கே சொல் வடிவம் மாறுவதே இல்லை, இடம் மாறுகிறது. 'க்வாய்' என்ற ஒரே சொல் வேகமான காருக்கும் வேகமாக ஓடுவதற்கும் பொது. விருந்தாளியை வழியனுப்பும்போது சீனர்கள் 'மான் ஜோவ்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மெது, நட'. பார்த்துப் போய்வாருங்கள் என்று பொருள். 'மெதுவாக' என்று காட்ட அதில் எந்த ஒட்டும் இல்லை. அழுத்தம் வேண்டுமானால் சொல்லை இரட்டிக்கிறார்கள், நாம் 'மெல்ல மெல்ல' என்பதைப்போல. 1951இல் மாவோ பள்ளிச் சிறுவன் ஒருவனுக்கு எழுதிக்கொடுத்த 'ஹாவ் ஹாவ் ஷ்வேஷீ, தியன் தியன் ஷியாங் ஷாங்' என்ற வாசகம் சீனாவின் எந்தப் பள்ளிச் சுவரிலும் காணக் கிடைக்கும். நன்றாகப் படி, நாளுக்கு நாள் உயர்ந்துவா என்பது கருத்து. 'நல்ல நல்ல படி, நாள் நாள் மேலே' என்பது அதன் எலும்புக்கூடு. மாணவர்கள் இதைக் கேலியாக ஆங்கிலத்தில் 'குட் குட் ஸ்டடி, டே டே அப்' என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். ஹுனான் தொலைக்காட்சி 2008இல் தொடங்கிய புகழ்பெற்ற நிகழ்ச்சிக்கு ஆங்கிலப் பெயரே 'டே டே அப்' தான். கேலியில் ஒரு துல்லியமான இலக்கணக் குறிப்பு இருக்கிறது: எந்த 'த'வும் இல்லாமல், எந்த 'லி'யும் இல்லாமல், வெறும் இரட்டிப்பால் மட்டுமே சீனம் வினையடையை உண்டாக்கிவிடுகிறது.

பெயரடை விஷயத்தில் இன்னொரு வேறுபாடும் உண்டு. 'அவள் அழகு' என்று தமிழில் சொன்னால் 'இருக்கிறாள்' தேவையில்லை. சீனத்திலும் அப்படியே, 'அவள் ஹென் அழகு' என்றால் முடிந்தது. அங்கே பெயரடை தானே பயனிலையாகி நிற்கும். ஜாவ் யுவான்ரென் 1968இல் வெளியிட்ட பேச்சுச் சீன இலக்கணத்தில் பெயரடைகளை வினைச்சொற்களின் ஒரு கிளையாகவே வைத்தார். இந்த 'ஹென்' என்ற சொல்லை அகராதி 'வெரி' என்கிறது. பெயரடைக்கும் வினைக்கும் இடையே பெரிய சுவர் இல்லாத மொழியில் 'ஹென்' இரண்டுக்கும் முன்னால் நிற்கும். 'ஹென் அழகு' போலவே 'ஹென் பிடிக்கும்'. ஆங்கிலத்தின் 'வெரி' வினையை நேரடியாகத் தொடாது. விளைவு, சீன மாணவரின் கையெழுத்தைப் பார்க்காமலேயே அவரை அடையாளம் காட்டிவிடும் வாக்கியம்: 'ஐ வெரி லைக் இட்'.

தேர்வு வேறு இதைச் சிக்கலாக்குகிறது. 2001க்குப் பிறகு மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம். 2024இல் காவ்காவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மதிப்பெண் 750. அதில் அயல்மொழிக்கு 150. அயல்மொழி என்றால் பெரும்பாலோருக்கு ஆங்கிலம். ஒரு பத்தியில் பத்துக் கோடிட்ட இடங்களை நிரப்பும் பகுதி ஒன்று உண்டு, இடத்துக்கு ஒன்றரை மதிப்பெண். அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரடை கொடுத்திருப்பார்கள். கோடு வினையை ஒட்டி இருந்தால் 'லி' சேர். ட்ரூ என்பதில் கடைசி 'இ'யை எடுத்துவிட்டுச் சேர். ஈஸி என்பதில் 'ஒய்'யை 'ஐ' ஆக்கிச் சேர். எழுத்துக்கூட்டலில் தவறாமல் இருந்தால் ஒன்றரை மதிப்பெண் நிச்சயம். பயிற்சிப் புத்தகங்கள் இதை ஒரு அனிச்சைச் செயலாகவே ஆக்கிவிடுகின்றன. பெயருக்கு முன் பெயரடை, வினைக்கு அருகில் வினையடை.

அனிச்சையாகிவிட்ட விதி எல்லை தாண்டும். 'சூப் நன்றாக இருக்கிறது' என்பதற்கு ஆங்கிலத்தில் 'டேஸ்ட்ஸ் குட்' என்று பெயரடை வர வேண்டும்; 'டேஸ்ட்' வினைதானே என்று நினைத்தவர் 'டேஸ்ட்ஸ் வெல்' என்பார். 'லுக்ஸ் ஹேப்பிலி' இதே குடும்பம். இன்னொரு பக்கம் 'ஃப்ரெண்ட்லி'. அது வால் முளைத்த பெயரடை. சீனத்தில் 'யோஹாவ்' என்ற சொல்லோடு 'மண்' த சேர்த்து 'நட்போடு' என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ஏற்கெனவே 'லி' இருப்பதால் வேலை முடிந்துவிட்டதென்று மாணவர் 'ஹி ஸ்மைல்ட் ஃப்ரெண்ட்லி' என எழுதுகிறார். 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றிவளைக்க வேண்டும் என்பது ஆங்கிலத்தின் குறை. அதற்குச் சிவப்புக் கோடு விழுவது மாணவர் தாளில்.

'ஃப்ரெண்ட்லி' ஏன் பெயரடை என்று கேட்டால், இந்த 'லி'யே முதலில் பெயரடை ஒட்டுதான். பழைய ஆங்கிலத்தில் 'லிக்' என்றால் உடல், உருவம். நண்பனின் உருவம் கொண்டது, நண்பன் போன்றது என்ற பொருளில் பெயரோடு ஒட்டிப் பெயரடை ஆக்கியது. அந்தப் பெயரடையை வினையடையாக்க, கடைசியில் ஓர் 'எ' ஒலி சேர்த்தார்கள். சாதாரணப் பெயரடைகளுக்கும் அதே 'எ'. 'ஹார்ட்' என்பது கடினமான. 'ஹார்டெ' என்பது கடினமாக. இடைக்கால ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி 'எ' ஒலிகள் தேய்ந்து உதிர்ந்தபோது இந்த வேறுபாடும் சேர்ந்து போனது. 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' போன்றவை பெயரடைக்கும் வினையடைக்கும் ஒரே உருவமாகிவிட்டன. அதாவது சில நூற்றாண்டுகள் ஆங்கிலம் இந்த ஒரு விஷயத்தில் சீனம் போலவே நடந்துகொண்டது. பிறகு 'லி' அந்த வெற்றிடத்தை நிரப்பப் பரவியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்கணக்காரர்களுக்கு வாலில்லாத வினையடை பொறுக்கவில்லை. ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட சிறு இலக்கண நூலில் பெயரடையை வினையடையாக வைத்து எழுதுவோரைக் கண்டித்தார். அவர் பிறகு லண்டன் பிஷப் ஆனவர். கண்டிக்கும் குரல் இயல்பாகவே வந்திருக்கும். ஆனாலும் அன்றாடம் புழங்கும் சின்னச் சொற்களை யாராலும் அசைக்க முடியவில்லை. 1997இல் ஆப்பிள் நிறுவனம் 'திங்க் டிஃபரென்ட்' என்று விளம்பரம் செய்தபோது 'லி' எங்கே என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

எல்லாச் சிக்கலும் முடிச்சாக வந்து விழும் இடம் 'ஹார்ட்'. சீன ஆங்கிலப் பாடநூல்களில் 'இரட்டை வடிவ வினையடைகள்' என்று ஓர் அட்டவணை தவறாமல் இருக்கும். லேட் – லேட்லி, நியர் – நியர்லி, ஹை – ஹைலி, க்ளோஸ் – க்ளோஸ்லி, டீப் – டீப்லி. இடப்பக்கம் இருப்பது கண்ணால் காணும் தூரம், உயரம், நேரம். 'லி' சேர்ந்தது பெரும்பாலும் மனத்தால் அளப்பது. பறவை பறப்பது 'ஹை', ஒருவரை உயர்வாக மதிப்பது 'ஹைலி'. இவ்வளவுதான் என்று புரிந்துகொண்டு மாணவர் அட்டவணையைக் கடந்துவிடலாம். 'ஹார்ட்லி' மட்டும் அந்த ஒழுங்குக்குள் அடங்காது. அது மூலச் சொல்லின் பொருளைத் தலைகீழாகத் திருப்பிப்போடுகிறது.

ஒரு மாணவர், 'கடுமையாகப் படித்தேன்' என்று எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீனத்தில் 'நூலீ த ஷ்வேஷீ'. நூலீ என்றால் முயற்சி, உழைப்பு. 'த' அதை வினையடையாக்குகிறது. ஷ்வேஷீ என்றால் படிப்பது. சமன்பாட்டின்படி 'த'வுக்குப் பதில் 'லி'. ஹார்ட் என்பது ஹார்ட்லி ஆகிறது. சீனத்தில் 'மண்' த வாங்கிய சொல் எப்போதும் வினைக்கு முன்னால்தான் நிற்கும். எனவே அந்த வரிசையும் அப்படியே வந்துசேர்கிறது: 'ஐ ஹார்ட்லி ஸ்டடீட்'. இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழையே இல்லை. எழுத்துப்பிழை திருத்தும் எந்த மென்பொருளும் கோடு போடாது. ஆங்கிலம் அறிந்தவர் படித்தால் 'நான் புத்தகத்தைத் தொட்டதே அபூர்வம்' என்று ஒப்புக்கொள்வதாகப் பொருள்படும். தவறான இடத்தில் வைத்து 'ஐ ஸ்டடீட் ஹார்ட்லி' என்று எழுதியிருந்தாலாவது கேட்பவர் ஏதோ கோளாறு என்று ஊகித்திருப்பார். சீன வாக்கிய வரிசை அந்த வாய்ப்பையும் மூடிவிடுகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் இப்படியொரு வரி விழுந்தால் எழுதியவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் நடப்பது முற்றிலும் வேறு உரையாடல்.

அகராதி இங்கே தரும் உதவி அரைகுறை. 'ஹார்ட்லி' என்றால் 'ஜீஹூ பு' என்கிறது. ஜீஹூ என்றால் ஏறக்குறைய, பு என்றால் இல்லை. ஏறக்குறைய இல்லை, நியாயமான விளக்கம். ஆனால் அதே அகராதி 'நியர்லி', 'ஆல்மோஸ்ட்' இரண்டுக்கும் 'ஜீஹூ' என்றே சொல்கிறது. மனப்பாடப் பட்டியலில் பின்னால் ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய 'பு' மறந்துபோனால் 'ஏறக்குறைய விழுந்தேன்' என்பதற்கு 'ஐ ஹார்ட்லி ஃபெல்' வரும். நினைவில் இருந்தாலும் ஆபத்துதான். 'ஜீஹூ'வுக்கு 'ஹார்ட்லி', 'பு'வுக்கு 'நாட்' என்று பிரித்துப்போட்டு 'ஐ ஹார்ட்லி கான்ட் ஹியர்' என்று இரட்டை எதிர்மறையில் போய் முடியும். சீனத்தில் எதிர்மறை எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி தனி எழுத்தாக நிற்பது. ஆங்கிலத்திலோ 'ஹார்ட்லி'யின் வயிற்றுக்குள் அது ஒளிந்திருக்கிறது. 'ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்' என்ற வாக்கியத்தின் கடைசியில் 'டஸ் ஹி?' என்று கேள்வி ஒட்டு வருவதிலிருந்துதான், வாக்கியம் எதிர்மறை என்பது வெளியே தெரிகிறது. தேர்வாளர்களுக்குப் பிடித்த இடம் இது.

இதற்காகச் சீனத்தில் எதிர்மறை எல்லாம் நேர்க்கோடு என்று எண்ணிவிடக் கூடாது. ஜூ தஷி 1959இலேயே சுட்டிக்காட்டிய ஒரு விசித்திரம் உண்டு. 'கொஞ்சம் விட்டிருந்தால்' என்ற பொருள் தரும் 'ச்சா தியன்' என்ற சொல்லோடு 'விழுந்தேன்' சேர்த்தாலும் 'விழவில்லை' சேர்த்தாலும் பொருள் ஒன்றே: விழப் பார்த்தேன், விழவில்லை. பேசுபவர் விரும்பாத நிகழ்ச்சி என்றால் 'இல்லை' இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு அதேதான். விரும்பிய நிகழ்ச்சி என்றால் மட்டும் 'இல்லை'க்கு உயிர் வரும். இந்தக் குழப்பத்தைப் பிறந்ததிலிருந்து தவறில்லாமல் சமாளிக்கும் ஒரு பிள்ளைக்கு 'ஹார்ட்லி' புரியாத அளவுக்குப் பெரிய விஷயமாக இருக்க முடியாது. விளக்கும் முறையில்தான் ஏதோ குறைகிறது.

குறைவது கதை. 'ஹார்ட்லி' ஒரு நாளில் கவிழ்ந்த சொல் கிடையாது. முதலில் அதற்கு வலுவாக, துணிச்சலாக, கடுமையாக என்றே பொருள் இருந்தது. சமன்பாடு சொல்லும் அதே பொருள். பிறகு 'சிரமப்பட்டு' என்று நகர்ந்தது. சிரமப்பட்டு நடப்பது மட்டுமட்டாகத்தான் நடக்கும். மட்டுமட்டாக நடப்பது நடக்காததற்கு அடுத்த வீடு. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் அந்த வீட்டுக்குள்ளேயே சொல் குடிபோய்விட்டது. 'கடினம்' என்ற விதையிலிருந்து 'அரிதாகவே' என்ற கிளை.

இதே கிளை சீனத்திலும் இருக்கிறது என்பதைப் பெரும்பாலான பாடநூல்கள் கவனிப்பதில்லை. 'நான்' என்றால் சீனத்தில் கடினம். (நம் காதுக்கு விநோதம்தான்.) அதோடு 'பெறுதல்' என்ற பொருளுள்ள எழுத்தைச் சேர்த்தால் 'நான்–த'. பெறக் கடினமானது, ஆகவே அரிது, எப்போதாவது. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதே அபூர்வம் என்பதற்கு 'நான்–த' போட்டுச் சொல்வார்கள். அங்கே இரண்டாவதாக நிற்பது நம் மூன்றாம் 'த'வான 'இரட்டை ஆள்' எழுத்தே. ஒட்டாகத் தேயாமல் முழு உச்சரிப்போடு வருகிறது. இதன் உடன்பிறப்பு 'நான்–யீ'. 'நம்ப நான்–யீ' என்றால் நம்புவது கடினம், நம்பவே முடியவில்லை. ஆங்கிலத்தில் 'ஐ கேன் ஹார்ட்லி பிலீவ்'. கடினத்திலிருந்து இயலாமைக்குப் போகும் பாதை இரண்டு மொழிக்கும் ஒன்று. 'ஏறக்குறைய இல்லை' என்ற கணக்கைவிட இந்தப் பாதை மாணவருக்கு எளிதில் பிடிபடும். 'ஹார்ட்' எங்கே போனது என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. 'ஜீஹூ பு'வில் அது இல்லை.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. பழைய இலக்கியத்தில் 'அரிது' என்றால் செய்வதற்குக் கடினம். இன்றைய செய்தித்தாளில் 'அரிய வகைப் பறவை' என்றால் எப்போதாவது கண்ணில் படுவது. சீனத்தின் 'நான்–த'வுக்கும் நம் 'அரிய'வுக்கும் இன்னோர் ஒற்றுமை, இரண்டிலும் பாராட்டு கலந்திருக்கிறது. அரிய வாய்ப்பு என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் 'நான்–த'வையே சொல்வார்கள். 'ஹார்ட்லி'யில் அந்த இனிப்பு துளியும் இல்லை. ஆகவே 'நான்–த'வைப் பிடித்துக்கொண்டு வரும் மாணவர் அந்த நல்ல வாடையைக் கழற்றிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குள் நுழைய வேண்டும். ஆசிரியர் ஒரு வரியில் எச்சரித்தால் போதும்.

'கடுமையாக' என்பதற்குச் சீனத்தில் இருக்கும் மற்ற வழியும் வகுப்பில் பயன்படாமல் கிடக்கிறது. 'அவன் வேகமாக ஓடுகிறான்' என்பதை 'மண்' த இல்லாமல், மூன்றாம் 'த'வை வைத்து 'பாவ் த ஹென் க்வாய்' என்று சொல்வதுதான் பேச்சில் இயல்பு. பாவ் என்றால் ஓடு. பின்னால் 'மிக வேகம்'. வினை முன்னே, எப்படி என்பது பின்னே. ஆங்கிலத்தின் 'ரன்ஸ் வெரி ஃபாஸ்ட்' அதே வரிசை, அதே வாலில்லாத சொல். 'வொர்க்ஸ் வெரி ஹார்ட்' என்பதும் இதே அச்சு. 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்', 'லேட்' போன்றவற்றை மூன்றாம் 'த'வோடு இணைத்துக் காட்டினால், வினைக்குப் பின்னால், வால் இல்லாமல் என்ற இரண்டு செய்தியும் ஒரே மூச்சில் போய்ச்சேரும். 'குட்' மட்டும் இங்கே காலை வாரும். சீனத்தின் 'ஹாவ்' இரண்டு வேலையும் பார்ப்பதால், 'நீங்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறீர்கள்' என்ற பாராட்டு 'யூ ஸ்பீக் இங்கிலீஷ் வெரி குட்' என்றே வெளிவரும். 'வெல்' என்பதைத் தனியாக மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். நம் பிள்ளைகளைப் போல.

'ஹார்ட்லி'க்கு 'கடினம்' கைகொடுக்காத ஓர் இடம் மிஞ்சுகிறது. 'உட்கார்ந்தேனோ இல்லையோ, போன் அடித்தது' என்பதை ஆங்கிலத்தில் 'ஹார்ட்லி ஹாட் ஐ சாட் டவுன் வென் தி ஃபோன் ரேங்' என்கிறார்கள். வினையடை வாக்கியத்தின் தலைக்கு ஏறியதும் 'ஐ' பின்னுக்குப் போய் 'ஹாட்' முன்னுக்கு வருகிறது. தமிழில் குறைந்தது ஓர் 'இல்லையோ' இருக்கிறது. சீனத்தில் 'இப்போதுதான் உட்கார்ந்தேன், உடனே போன் அடித்தது' என்று இரண்டு சின்னச் சொற்கள், 'காங்' என்றும் 'ஜ்யோ' என்றும், எதிர்மறையின் சாயலே இல்லாமல் வேலையை முடித்துவிடுகின்றன. எனவே பயிற்சிப் புத்தகங்கள் இதை 'ஸ்கேர்ஸ்லி', 'நோ சூனர்' இவற்றோடு சேர்த்து ஒரே கட்டத்துக்குள் அடைத்து, முதல் இரண்டுக்கும் 'வென்', மூன்றாவதுக்கு 'தேன்' என்று குறித்துவைத்து, மனப்பாடத்துக்கு விட்டுவிடுகின்றன.